போல்காட்டித் தீவா, குண்டளை மேடா?

மூணாறு எஸ்டேட்டுப் பகுதியில் வசிக்கும் எங்களைப் போன்றோர் நிதானமாக கோல்ஃப் ஆட நினைத்தால், மனம் இரண்டு இடங்களைச் சுற்றியே வரும். ஒன்று கொச்சிக் காயலில் உள்ள போல்காட்டித் தீவு. மற்றொன்று டாப் ஸ்டேஷன் செல்லும் வழியில் தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள குண்டளை. இரண்டிலும் ஒன்பது குழிகள்தாம் என்பதால், முழு ஆட்டத்துக்குரிய பதினெட்டை நிறைவு செய்ய இருமுறை சுற்றிவர வேண்டும்.

போல்காட்டியில் 1744இல் டச்சுக்காரர்கள் கட்டிய மாளிகையை ஒட்டித் தரை சமதளமாக விரிகிறது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் திறக்கப்பட்ட பிறகு படகுக்காகக் காத்திருக்கவும் வேண்டியதில்லை. புல்லில் பூச்சி தேடும் கொக்குகளும், தலைக்கு மேல் வட்டமிடும் செம்பருந்துகளும் ஆட்டத்தைக் குலைப்பதில்லை. நின்றுகிடக்கும் பந்தைப் பறவையொன்று நகர்த்திவிட்டாலும், தண்டனையின்றிப் பழைய இடத்திலேயே வைத்து ஆட விதி இடமளிக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்வோருக்கும் புதிதாகக் கற்போருக்கும் தயங்காமல் இத்தீவையே பரிந்துரைப்பேன்.

குண்டளையின் இயல்பு முற்றிலும் வேறு. உயரத்தில் காற்றின் அடர்த்தி குறைவு என்பதால், அதே வீச்சில் பந்து சற்றுக் கூடுதலாகப் பறக்கும். ஆனால் மூடுபனி இறங்கிவிட்டால், பந்தைத் தேட 2019 முதல் விதி தரும் மூன்று நிமிடம் போதவே போதாது. இரவில் மேய்ந்த காட்டுமாட்டின் குளம்பு, ஈரமண்ணில் உள்ளங்கையளவு பள்ளம் பதித்திருக்கும். குழியைச் சுற்றிய கிரீனில் அத்தடத்தைச் சரிசெய்துகொள்ள விதி அனுமதிக்கிறது. கிரீனுக்கு வெளியே உள்ள புல்லில் பந்து அதற்குள் விழுந்தால், உள்ளூர் விதி ஏதும் இல்லாதவரை, கிடந்தபடியே அடித்தாக வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல் வெளியூர் ஆட்டக்காரர்கள் வாதிடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

அபாயமான விலங்கு அருகில் இருந்தால் தண்டனையின்றிப் பந்தை வேறிடத்தில் வைத்து ஆடலாம் என்றும் விதி உண்டு. பாம்பு, தேனீ முதல் கரடி வரை அதில் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டுள்ளன. ஆனாலும் காட்டு யானைக்கு அச்சலுகை ஈடாகாது. வசதியும் மன அமைதியும் தீவில்தான் கூடுதல் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் எனக்கென்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பனி விலகிய காலை வேளையில் குண்டளைக்கே செல்வேன். முதல் குழிக்கு அருகில் ஆவி பறக்கும் யானை லத்தி கிடந்தால், பையைக்கூடத் திறக்காமல் அப்படியே வண்டிக்குத் திரும்பிவிடுவேன்.