‘நாளை விடுமுறை’ என்றால் எந்த நாளை?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. மனைவி பாகூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். ஆல்பேட்டைப் பாலத்தில் தென்பெண்ணையைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் புதுச்சேரி எல்லை வந்துவிடும். மகன் படிப்பது கடலூரில். ஆக, மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக்கு இரண்டு அரசாங்கம். இந்தப் பக்கம் லீவு விட்டார்களா, அந்தப் பக்கம் விட்டார்களா என்று பார்க்காமல் காலையில் அடுப்பு பற்றவைக்க முடியாது.

2018 நவம்பரில், கஜா புயல் கடலூருக்கும் பாம்பனுக்கும் இடையில் கரையைக் கடக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்த வாரம், இரண்டு பக்கத்து அரசுக் கணக்குகளையும் ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் பின்தொடர ஆரம்பித்தேன். கஜா வேதாரண்யம் பக்கம் போய்விட்டது. ட்விட்டர் 2023-இல் எக்ஸ் ஆகிவிட்டது. நான் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

முதலில் விடுமுறை அறிவிப்பையே எடுத்துக்கொள்கிறேன். ஊரில் அதிகம் பேர் தேடுவது அதைத்தான். முதல் சொட்டு விழுந்ததுமே, எந்தப் பதிவாக இருந்தாலும் அதன் கீழே பிள்ளைகள் வரிசை கட்டிவிடுவார்கள்: “கலெக்டர் சார், லீவு விடுங்க சார்.” பதிவு மரக்கன்று நடுவிழாவைப் பற்றியதாக இருக்கும். சில கலெக்டர்கள் அவர்களுக்குச் சிரித்தபடி பதில் போட்டதும் உண்டு. பிரச்சினை அதில் இல்லை, அறிவிப்பை எழுதும் விதத்தில். ‘கனமழை காரணமாக நாளை பள்ளிகளுக்கு விடுமுறை’ என்று ஒரு படம் வரும். தேதி இருக்காது, அல்லது மூலையில் எறும்பு அளவில் இருக்கும். அது வாட்ஸ்அப்பில் ஏறி, குடும்பக் குழு, தெருக் குழு எல்லாம் சுற்றி, மறுநாள் ராத்திரி வேறொரு ‘நாளை’யாக என்னிடமே திரும்பி வரும். வதந்தி பரப்ப யாரும் தனியாக மெனக்கெட வேண்டியதில்லை. இப்படி ஒரு பழைய படத்தை நம்பி மகனை வீட்டில் நிறுத்திவைத்து, மறுநாள் அவனுக்கு நானே லீவ் லெட்டர் எழுதியிருக்கிறேன்.

படம் என்றதும் இன்னொன்று. சின்ன ஊர்களின் அரசுக் கணக்குகளில் முக்கால்வாசி அறிவிப்பு, கையெழுத்துப் போட்ட தாளை போட்டோ எடுத்துப் போடுவதுதான். என் கடைக்கு வரும் நண்பர் ஒருவருக்குப் பார்வை கிடையாது. போனில் டாக்பேக் போட்டுத்தான் எல்லாம் கேட்பார். எழுத்தாகப் போட்டால் போன் படித்துச் சொல்லும். தாளை போட்டோ எடுத்துப் போட்டால் பெரும்பாலும் ‘படம்’ என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும். “இதுல இன்னாண்ணே போட்டிருக்கு?” என்று அவர் கேட்க, நான் படித்துச் சொல்வேன். தாளை டைப் அடித்தவருக்கு அந்த நாலு வரியைப் பதிவிலும் ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?

மற்ற நாட்களில் வருவதெல்லாம் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள் போட்டோ, ஆய்வுக்கூட்டம், சால்வை. வேகமாகத் தள்ளிவிடலாம்.

புகார் கொடுத்த அனுபவமும் உண்டு. எங்கள் தெருவில் கால்வாய் மூடி உடைந்து கிடந்தது. ஒரு அலுவலகத்தின் கணக்கைக் குறிப்பிட்டு போட்டோவோடு போட்டேன். இருபது நிமிடத்தில் பதில்: ‘சம்பந்தப்பட்ட துறைக்கு அனுப்பப்பட்டது.’ எனக்கு ஒரே குஷி. நான்காம் நாள் ‘சரிசெய்யப்பட்டது’ என்று புது மூடியின் போட்டோ வந்தது. மூடி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் தெரு எங்கள் தெரு இல்லை. யாரோ ஒருவருக்குப் புண்ணியம் என்று விட்டுவிட்டு, அரசின் புகார் எண்ணான 1100-க்குப் போன் செய்து, பிறகு நேரில் போய் நின்று, அப்புறம்தான் வேலை நடந்தது. நியாயமாகச் சொன்னால், தெருவிளக்குக்காக இன்னொரு முறை போட்ட பதிவுக்கு இரண்டே நாளில் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனார்.

புதுச்சேரிப் பக்கம் கதை வேறு. 2016-இல் துணைநிலை ஆளுநராக வந்த கிரண் பேடி, அதிகாரிகளை வாட்ஸ்அப் குழுவில் சேர்த்து அதிலேயே உத்தரவு போட்டு வேலை வாங்கினார். 2017 ஜனவரியில் முதல்வர் நாராயணசாமி, அரசு வேலைக்குச் சமூக ஊடகம் கூடாது என்று சுற்றறிக்கை விட்டார். சர்வர்கள் வெளிநாட்டில் இருப்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. சில நாட்களில் அந்தச் சுற்றறிக்கையை ஆளுநர் ரத்து செய்தார். எல்லையில் இருந்த எங்களுக்கு இது டீக்கடையில் நல்ல பொழுதுபோக்கு. ஆனால் 2021 பிப்ரவரியில் அவர் பதவியிலிருந்து நீக்கப்பட்டபோதுதான் ஒன்று உறைத்தது. அத்தனை வருடம் அரசுச் செய்தி என்று நாங்கள் பார்த்துவந்தது அவருடைய சொந்தக் கணக்கை. ஆள் போனதும் கணக்கும் கூடவே போய்விட்டது. தமிழ்நாட்டில் கலெக்டர் கணக்கு பதவியின் பெயரில் இருப்பதால், ஆள் மாறினாலும் பக்கம் இங்கேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் இந்தப் பக்கம்தான் தேவலாம்.

உண்மையான சோதனை ஃபெஞ்சல் புயல். 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. அங்கே ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை. சரி, புயல் போய்விட்டது என்று மூச்சு விட்டால், டிசம்பர் 2 அதிகாலையில் தென்பெண்ணையின் மேலே இருக்கும் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். என் போனில் அந்த எண் பல தடவை வந்தது. கூடவே ‘தாழ்வான பகுதி மக்கள் பாதுகாப்பாக இருக்கவும்’ என்று ஒரு வரி. 1.68 லட்சம் கனஅடி என்றால் ஆல்பேட்டையில் முட்டிவரையா, கழுத்துவரையா? எத்தனை மணிக்கு வரும்? நான் இருப்பது தாழ்வான பகுதியா? சொந்தத் தெருவைத் தாழ்வு என்று யாராவது நினைத்திருப்பார்களா? பக்கத்துத் தெருவுக்கு மைக் கட்டிய ஒரு ஆட்டோ வந்தது. “ஆத்துல தண்ணி வருது, பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிடுங்க” என்றார் அதில் இருந்தவர். ஆறு, தண்ணீர், பள்ளிக்கூடம். அவ்வளவுதான் தேவை. அந்தத் தெருவே கிளம்பிவிட்டது.

தேவனாம்பட்டினத்தில் மீன் விற்கும் ஆயா ஒருவர் என் கடைக்கு ஆதார் நகல் எடுக்க வருவார். துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டைப் பற்றி அவரிடம்தான் கேட்பேன். “மூணாம் நம்பர்னா கட்டுமரத்த மேல ஏத்திடு தம்பி, அவ்ளோதான்” என்பார். ஒரு எண், அதற்கு ஒரு வேலை. கனஅடிக்கு அப்படி ஒரு பட்டியலை யாரும் எங்களுக்குத் தரவில்லை.

2023-இல் எல்லா போனும் ஒரே நேரத்தில் அலறிய பேரிடர் எச்சரிக்கைச் சோதனைச் செய்தி நினைவிருக்கும். கடையில் இருந்த நாலு பேரும் போனைக் கீழே போட்டார்கள். ஆனால் அதைப் பார்க்க யாரும் எதையும் பின்தொடர வேண்டியதில்லை. அந்தச் சத்தத்தோடு தெருப் பெயரும் மணியும் வந்தால், நான் இந்தக் கணக்குகளில் பாதியை விட்டுவிடுவேன்.

இப்போது மழைக்காலத்தில் கடை வாசலில் ஒரு கரும்பலகை வைத்திருக்கிறேன். இரண்டு பக்கத்து அறிவிப்பையும் பார்த்து, தேதி, கிழமை போட்டு எழுதிவிடுவேன்: ‘கடலூர் உண்டு, புதுச்சேரி லீவு’ என்கிற மாதிரி. போன வாரம் யாரோ அதை போட்டோ எடுத்திருக்கிறார்கள். ராத்திரி எங்கள் குடும்பக் குழுவில் ‘அதிகாரப்பூர்வ அறிவிப்பு’ என்ற தலைப்போடு எனக்கே வந்தது. தேதி இருந்த மேல்வரியை மட்டும் வெட்டியிருந்தார்கள்.