நெடுந்தீவா, காரைநகர்ப் பக்கமா, நுவரெலியாவா? ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளோடு மூன்று முகாம்கள்

ஒவ்வொரு வருடமும் ஓகஸ்ட் விடுமுறை கிட்ட வரும்போது எங்கள் சபையில் இந்தப் பேச்சு எழும். பிள்ளைகளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? பெரிய பிள்ளைகள் நுவரெலியா என்பார்கள். வாலிபர் சங்கத்தார் நெடுந்தீவு என்பார்கள். தாய்மார் "கிட்டவா எங்கையாவது பாருங்கோ ரீச்சர்" என்பார்கள். மூன்று இடத்திலும் பிள்ளைகளோடு நான் படுத்து எழும்பியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பார்க்க என்ன இருக்கிறது என்று பார்த்து இடத்தைத் தெரிவு செய்யாதீர்கள். கூட்டத்திலேயே சின்னப் பிள்ளைக்கு முதல் இரவு எப்படிப் போகும் என்று யோசியுங்கள். முதல் இரவு நித்திரை கொண்ட பிள்ளைதான் அடுத்த நாள் பாட்டுப் பாடும், கதை கேட்கும், பக்கத்துப் பிள்ளையோடு சேரும்.

முதலில் நெடுந்தீவு. யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அதைப்போல ஒரு இடம் வேறில்லை. பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு கடந்து குறிகாட்டுவான் துறைக்குப் போனால் அங்கிருந்து கடல்வழி ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். முருகைக்கல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் கோட்டையின் இடிபாடு, உள்ளே ஆட்கள் நிற்கக்கூடிய பெருக்கு மரம் (பாவோபாப்), காட்டுக் குதிரைகள். எல்லாம் ஒரே தீவில் கிடக்கின்றன. இரவில் வெளிச்சம் குறைவு. ஆபிரகாமுக்குக் கடவுள் நட்சத்திரங்களைக் காட்டிய கதையை அந்த வானத்துக்குக் கீழே சொன்னபோது ஒரு பிள்ளையும் வாய் திறக்கவில்லை. மண்டபத்துக்குள் எத்தனையோ தரம் சொன்ன கதைதான்.

ஆனால் ஓகஸ்ட் தென்மேற்குக் காற்று வீசும் சோளகக் காலம். காற்று எழும்பினால் படகு ஏறி விழும். நாங்கள் போன நாளில் பாதிப் பிள்ளைகள் சத்தி எடுத்தார்கள். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கையிலே தேசிக்காயை வைத்து மணந்துகொண்டு, மற்றக் கையால் என் சட்டையைப் பிடித்தபடியே வந்து சேர்ந்தான். இரவும் அவனுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. திரும்பும்போது ஏறிய தனியார் படகில் உயிர்காப்பு அங்கிகள் எல்லோருக்கும் போதவில்லை. கடைசிப் படகு என்று சொல்லி ஏற்றிவிட்டார்கள், நானும் ஏற விட்டேன். அதை நினைத்து இன்றுவரை என் மனம் ஆறவில்லை. இனிமேல் யார் போனாலும் பிள்ளை எண்ணிக்கைக்கு அங்கி இருக்கிறதா என்று துறையிலேயே நின்று எண்ணிப் பார்த்துவிட்டு ஏறுங்கள். இல்லையென்றால் ஏறவேண்டாம்.

தண்ணீர் அடுத்த பிரச்சினை. ஓகஸ்டில் தீவு காய்ந்து கிடக்கும், நல்ல தண்ணீருக்கு அங்குள்ள சனமே சிரமப்படுகிறது. முப்பது பேர் போய் அவர்களுடைய கிணற்றில் அள்ளிக் குளிப்பது சரியில்லை என்று எனக்குப் பட்டது. குதிரைகளும் அந்த மாதங்களில் எலும்பு தெரிய நிற்கும். "இதுகளுக்கு ஆர் ரீச்சர் தண்ணி வைக்கிறது?" என்று ஒரு சின்னப் பெண் கேட்டாள். இரவு ஜெபத்தில் தன் தம்பிக்கு அடுத்ததாகக் குதிரைகளைச் சொன்னாள்.

இன்னொன்று. எங்கள் பக்கத்து வயதானவர்களுக்கு அந்தக் கடல் சும்மா கடல் இல்லை. 1985 மே 15 அன்று நெடுந்தீவுக்கு ஓடிய குமுதினிப் படகில் நடந்த படுகொலையை மறக்காத குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு அம்மம்மா பேரனை அனுப்ப மறுத்தபோது நாங்கள் வற்புறுத்தவில்லை. 'முகாம்' என்ற சொல்லே சில வீடுகளில் வேறு நினைவுகளைக் கிளப்பும். 1995 இல் போரால் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட இடப்பெயர்வில் அலைந்தவர்களுக்கு முகாம் என்றால் தறப்பாளும் வரிசையும்தான். அதனால் பெற்றாருக்குப் போகும் கடிதத்தில் நான் 'ஒன்றுகூடல்' என்றே எழுதுகிறேன்.

சரி, காரைநகர்ப் பக்கம். கசூரினா கடற்கரை ஆழம் குறைந்தது. கரையிலிருந்து நடந்து போகப் போக ஆழம் மெல்லத்தான் கூடும். ஆனாலும் கயிறு கட்டி, இரண்டு பெரியவர்கள் வெளிப்பக்கம் நிற்காமல் ஒருவரையும் இறக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், சனக்கூட்டம். மணலில் போத்தல் ஓடு கிடக்கும், செருப்போடு நடக்கச் சொல்லுங்கள்.

நாங்கள் காரைநகரில் தங்கவில்லை. வட்டுக்கோட்டையில் தங்கி, ஒரு காலை மட்டும் பொன்னாலைப் பாலம் தாண்டிக் கடலுக்குப் போய் வந்தோம். அந்த யோசனை நல்லதாய்ப் போயிற்று. 1816 இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கிய இடம் அது. அங்கே படித்த சி. வை. தாமோதரம்பிள்ளைதான் பிறகு ஏட்டுச்சுவடியில் கிடந்த தமிழ் நூல்களைத் தேடிப் பதிப்பித்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகள் இருவரில் ஒருவர். இதைப் பழைய தேவாலயச் சுவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னபோது ஒரு பையன் சுவரில் கையை வைத்துப் பார்த்தான். பிறகு எல்லோரும் வரிசையில் நின்று கையை வைத்தார்கள். நம்முடைய சொந்தக் கதை பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்குள் கிடக்கும்போது அதைக் காட்டாமல் ஏன் தூரத்துக்கு ஓடுகிறோம் என்று எனக்கு அன்று பட்டது.

கிட்ட இருப்பதில் ஒரு கரைச்சலும் உண்டு. பெற்றார் வந்துவிடுவார்கள். இரண்டாம் நாள் பின்னேரம் ஒரு தாய் இடியப்பமும் சொதியும் கட்டிக்கொண்டு வந்தார். பாசத்தில்தான் வந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவரைக் கண்டதும் மகள் அழத் தொடங்கினாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். ஒருத்தியை அன்று இரவே அனுப்பவேண்டி வந்தது. வருகை நேரம் கடைசி நாள் மத்தியானம் மட்டும் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

நுவரெலியா வேறு கணக்கு. ஏ9 வீதியில் கண்டி வரைக்கும் 321 கிலோமீற்றர், அதற்கு மேலே இன்னும் 77. விடிய முதல் வெளிக்கிட்டாலும் போய்ச் சேர இருட்டிவிடும். றம்பொடை வளைவுகளில் நெடுந்தீவுப் படகில் நடந்ததே பஸ்ஸிலும் நடக்கும். 1,868 மீற்றர் உயரம், ஓகஸ்டில் மழைத் தூறல். நம்முடைய பிள்ளைகளிடம் ஸ்வெற்றர் இல்லை, நாங்கள் சபையில் கேட்டுச் சேர்த்தோம். செலவில் பாதிக்கு மேல் பஸ்ஸுக்கே போயிற்று. நாலு நாளில் இரண்டு நாள் வீதியில் போனால், பிள்ளைகளோடு இருந்து பேச மிஞ்சுவது எவ்வளவு?

அப்படியிருந்தும் பெரிய பிள்ளைகளுக்கு அதைத்தான் சொல்வேன். காரணம் குளிரும் ஏரியும் அல்ல. தோட்டத்துச் சபை ஒன்று எங்களை ஏற்றுக்கொண்டது. அங்கே பதினைந்து வயதுப் பிள்ளைகள் லயம் என்ற வரிசை வீடுகளிலிருந்து மலையேறிப் பள்ளிக்கூடம் போகும் வழியை எங்கள் பிள்ளைகள் கூடவே நடந்து பார்த்தார்கள். ஒரே கீர்த்தனையை அவர்கள் வேறு மெட்டில் பாட, எங்கள் பிள்ளைகள் நின்று கேட்டார்கள். வீட்டில் தினம் குடிக்கிற தேத்தண்ணியின் கொழுந்தைக் கிள்ளிக் கையில் வாங்கிய எங்கள் பையன் ஒருவன், ஒரு நாளைக்கு எவ்வளவு கிள்ளவேண்டும், எவ்வளவு சம்பளம் என்று கேட்டுக் கேட்டுக் கொப்பியில் எழுதினான். பத்து வயதுப் பிள்ளைக்கு இது எட்டாது. பதினாலுக்கு மேலே நன்றாக எட்டும்.

வன்னியையும் சிலர் சொல்வார்கள். இரணைமடுப் பக்கம் அழகுதான். ஆனால் குளத்தில் பிள்ளைகளை இறக்க எனக்குத் துணிவில்லை. முகமாலை போன்ற இடங்களில் கண்ணிவெடி அகற்றும் வேலை நீண்ட காலம் நடந்ததை அறிந்த எவரும், அந்த வழியில் பஸ்ஸை நிறுத்திப் பிள்ளைகளைப் பற்றைக்குள் இறங்க விடமாட்டார்கள்.

எங்கே போனாலும் விடக்கூடாத சில விஷயங்கள் உண்டு. எந்தப் பிள்ளையோடும் ஒரு பெரியவர் மட்டும் தனித்து இருக்கக்கூடாது. அது போதகருக்கும் பொருந்தும், எனக்கும் பொருந்தும். பெண்பிள்ளைகள் படுக்கும் அறையில் இரண்டு அக்காமார். பெற்றாரின் கையெழுத்து, மருந்து ஒவ்வாமை விபரம், பஸ்ஸின் அனுமதிப்பத்திரம் எல்லாம் ஒரு கோப்பில். அம்புலன்ஸுக்கு 1990, சிறுவர் பாதுகாப்புக்கு 1929. இந்த இரண்டையும் பிள்ளைகளுக்கே பாடமாக்கிக் கொடுங்கள்.

ஆக, பத்து வயதுக்குக் கீழே என்றால் வட்டுக்கோட்டையில் இரண்டு இரவு, ஒரு காலைக் கடல். பதினொன்று முதல் பதின்மூன்று வரை நெடுந்தீவு, அதுவும் ஏப்ரலில், கடல் அடங்கிக் கிடக்கும்போது, ஒரே ஒரு இரவு. பெரிய பிள்ளைகளுக்கு மலைநாடு, போகுமுன்னமே அங்குள்ள சபையோடு பேசி வைத்துக்கொண்டு. இந்த மூன்று பிரிவுப் பிள்ளைகளையும் ஒரே பஸ்ஸில் ஏற்றினால் சின்னதுகள் அழும், பெரியதுகள் சலிக்கும். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ரியூசன் விடாது என்பதால் அவர்களை வருந்தி அழைக்க வேண்டாம், பரீட்சை முடிந்து வரட்டும்.

இந்த ஓகஸ்டுக்கு வட்டுக்கோட்டை என்று முடிவெடுத்திருக்கிறோம். இருபத்தேழு பேர் பெயர் தந்திருக்கிறார்கள். அந்தத் தேசிக்காய்ப் பையனும் வருகிறான், இந்த முறை தம்பியையும் கூட்டிக்கொண்டு. படகு இருக்கிறதா என்று கேட்டான். இல்லை, பாலம்தான் என்றேன்.