ஜி லீக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு டிக்கெட் எடுக்கப் போகிறீர்களா? மறுவிற்பனைத் தளங்களிடம் சிக்காதீர்கள்

டல்லாஸ் வட்டாரத்தில், குறிப்பாக ஃபிரிஸ்கோ, பிளேனோ பக்கம் குடியிருந்து, பிள்ளைகளைக் கூடைப்பந்து ஆட்டத்துக்கு அழைத்துப் போக நினைப்பவர்கள் பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டெக்சஸ் லெஜண்ட்ஸ் ஆட்டம் ஒன்றுக்கு நான்கு டிக்கெட் எடுக்கப் போய், ஒரு மறுவிற்பனைத் தளத்துக்கு 236 டாலர் அழுதிருக்கிறேன். கைக்கு வந்தவை மூன்றே டிக்கெட்டுகள்.

லெஜண்ட்ஸ் என்பது, அமெரிக்காவின் முதன்மைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் ஆடும் டல்லாஸ் மாவெரிக்ஸின் ஜி லீக் அணி. என்.பி.ஏ.வுக்கு அடுத்த படியில் இருக்கும் இந்த லீக் 2001-ல் எட்டு அணிகளோடு தொடங்கியது. மாவெரிக்ஸ் ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு போனால் அந்த மாதம் துண்டு விழும். இங்கே அப்படியில்லை என்று அலுவலக நண்பர் சொன்னார். ஊரிலிருந்து வந்திருந்த என் மாமனார் பாளையங்கோட்டையில் கல்லூரி அணிக்கு ஆடியவர். என்.பி.ஏ. டிராஃப்டில் (அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) தேர்வான முதல் இந்தியரான சத்னம் சிங்கை 2015-ல் எடுத்தது மாவெரிக்ஸ்தான், அவர் ஆடியது இந்த லெஜண்ட்ஸ் அணியில்தான் என்று நான் சொன்னவுடன், "அப்படியென்றால் கட்டாயம் போக வேண்டும், மாப்பிள்ளை" என்றார்.

இணையத்தில் அணியின் பெயரைத் தேடினால் முதலில் வந்து நின்றது அந்தத் தளம். முகவரியிலேயே அணியின் பெயர் இருந்தது. உள்ளே அரங்கத்தின் படம், அணியின் நிறங்கள். "இந்தப் பகுதியில் 4 இடங்களே பாக்கி" என்று சிவப்பு எழுத்து. பக்கத்தில் பத்து நிமிடத்திலிருந்து இறங்கிக்கொண்டே வரும் கடிகாரம். பகுதி எண் மட்டும் போட்டிருந்தார்கள். வரிசையும் இருக்கை எண்ணும் பிறகு தெரிவிக்கப்படும் என்றார்கள். இது அணியின் தளமல்ல, மறுவிற்பனைச் சந்தை என்ற வரி பக்கத்தின் அடியில், வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் நிறத்தில் கிடந்தது.

அவர்கள் விலை காட்டிய விதத்தில் சட்டப்படி குறை சொல்ல முடியாது என்பதுதான் வயிற்றெரிச்சல். நிகழ்ச்சி டிக்கெட்டுகளுக்கு எல்லாக் கட்டணமும் சேர்ந்த மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையத்தின் (FTC) விதி 2025 மே 12 முதல் நடப்பில் இருக்கிறது. அவர்களும் ஒரு டிக்கெட் 59 டாலர் என்று முழு விலையையும் காட்டினார்கள். ஆனால் அதன் அசல் விலை என்ன என்று எங்கேயும் சொல்லவில்லை.

ஆட்டத்தன்று மாலைவரை டிக்கெட் வரவில்லை. உதவி அரட்டையில் கேட்டால், "ஆட்டம் தொடங்கும்வரை காத்திருங்கள்" என்ற ஒரே பதில். வாகனம் நிறுத்துமிடத்தில் இருக்கும்போது மூன்று வந்தன. இரண்டு ஒரு பகுதியில். ஒன்று கூடைக்குப் பின்னால், வேறொரு பகுதியில். நான் தேர்ந்தெடுத்த பகுதி இரண்டிலும் இல்லை. டிக்கெட்டை விரித்துப் பார்த்தால், மூலையில் அச்சு விலை 17 டாலர் என்று இருந்தது.

நான்காவதற்காக அரங்கத்தின் டிக்கெட் சாளரத்துக்குப் போனேன். வரிசையே இல்லை. உள்ளே இருந்த பெண்மணி திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார்: நான் இணையத்தில் கேட்ட அதே பகுதியில் வரிசை வரிசையாகப் பச்சைக் கட்டங்கள். எல்லாம் விற்காத இடங்கள். இருபது டாலருக்கு ஒன்றை எடுத்தேன். இப்படி ஏமாந்து வருபவர்களை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார்.

என் டிக்கெட்டுகளைப் பார்த்தால் விஷயம் விளங்குகிறது. நான் பணம் கட்டியபோது அவர்கள் கையில் டிக்கெட்டே இருந்திருக்காது. நம்மிடம் வாங்கிக்கொண்டு, கடைசி நேரத்தில் எது மலிவோ அதை எடுத்து நம் பெயருக்கு மாற்றிவிடும் வியாபாரம் இது. டெய்லர் ஸ்விஃப்ட் கச்சேரி மாதிரி இடம் கிடைக்காத நிகழ்ச்சிக்கு மறுவிற்பனையில் கூடுதல் விலை கொடுப்பதை என்னால் புரிந்துகொள்ள முடிகிறது. பாதி இருக்கைகள் காலியாகக் கிடக்கும் அரங்கத்துக்கு மூன்றரை மடங்கு விலை வைப்பதைக் கொள்ளை என்றுதான் சொல்வேன்.

ஆட்டம் அருமையாக இருந்தது, அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பயிற்சியாளர் கத்துவதும் தரையில் காலணி கீச்சிடுவதும் காதில் விழும் அளவுக்கு நெருக்கம். ஃபவுல் ஆனால், எதிரணி தடுக்காமல் கூடைக்கு வீசும் இரண்டு அல்லது மூன்று ஃப்ரீ த்ரோவுக்குப் பதில் ஒரே ஒரு வீச்சு. அது விழுந்தால் இரண்டு அல்லது மூன்று புள்ளி மொத்தமாகக் கிடைக்கும். கடைசி இரண்டு நிமிடங்களிலும் கூடுதல் நேரத்திலும் மட்டும் வழக்கமான முறை. 2019-20 பருவத்திலிருந்து ஜி லீக்கில் இருக்கும் இந்த விதியை மாமனாருக்கு விளக்க எனக்கு ஆசை. ஆனால் முதல் பாதி முழுவதும் அவர் கூடைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருந்தார். இடைவேளையில் வந்து, "இவ்வளவு இடம் காலியாக இருக்கிறதே, நாம் ஏன் பிரிந்து உட்கார வேண்டும்?" என்று கேட்டார். என் மகள் ஊழியரிடம் போய் அனுமதி கேட்டு அவரைப் பக்கத்தில் அமர்த்தினாள். அந்தப் பாதி ஆட்டத்துக்கு எந்தத் தளமும் பணம் திருப்பித் தராது.

நீங்கள் போவதானால் அணியின் சொந்தத் தளத்துக்குள் போய், அங்கிருக்கும் டிக்கெட் இணைப்பை மட்டும் தொடுங்கள். தேடலில் மேலே வரும் விளம்பரங்களை விட்டுவிடுங்கள். இருக்கை எண் காட்டாத இடத்தில் பணம் கட்டவே கூடாது. நேரம் இருந்தால் நேராகச் சாளரத்துக்கே போகலாம். வார நாள் ஆட்டத்துக்கு இடமில்லை என்பது அரிது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், கிரெடிட் கார்டில் கட்டியிருந்தால், அந்தத் தொகை இடம்பெற்ற கணக்கு அறிக்கை அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் வங்கிக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். டெபிட் கார்டுக்கு இதே பாதுகாப்பு கிடையாது. தளத்தில் நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியின் படம், வந்த டிக்கெட்டின் படம், அரட்டைப் பதிவு மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். மத்திய வர்த்தக ஆணையத்திலும் டெக்சஸ் அட்டர்னி ஜெனரல் அலுவலகத்திலும் இணையவழியே புகார் செய்யலாம், இரண்டிலும் செய்திருக்கிறேன். வராத டிக்கெட்டுக்கான 59 டாலரை வங்கி தற்காலிகமாக வரவு வைத்திருக்கிறது. மற்ற மூன்றும் "ஒப்பான இருக்கைகள்" என்று அந்தத் தளம் வாதாடுகிறது. கூடைக்குப் பின்னால் இருந்து எடுத்த புகைப்படத்தை வங்கிக்கு அனுப்பியிருக்கிறேன்.