ரோம் ஆம்னிபஸ், முதல் தொகுதி: விற்காத பொம்மையும் 75 இதழ்களும்

மார்வெல் 2024-இல் வெளியிட்ட ‘ரோம்’ (ROM) காமிக்ஸின் ஆம்னிபஸ், அதாவது பல இதழ்களைச் சேர்த்துக் கட்டிய தடித்த புத்தகம், அதன் முதல் தொகுதியை இரண்டாவது தடவையாகப் படித்து முடித்த கையோடு இதை எழுதுகிறேன். பொம்மையை ஒட்டி வந்த காமிக்ஸ் என்றாலே வெறும் விளம்பரம்தானே என்று ஒதுக்குகிறவர்கள் இதை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

பார்க்கர் பிரதர்ஸ் 1979-இல் கொண்டுவந்த எலெக்ட்ரானிக் பொம்மைதான் ரோம். முதலில் கோபால் (COBOL) என்ற கணினி மொழியின் பெயரைத்தான் வைத்திருந்தார்கள், அப்புறம்தான் ரோம் ஆனது. கண்ணில் சிவப்பு எல்இடி, கையில் பிடிக்க மூன்று கருவிகள், உடம்பிலிருந்து சத்தம், அந்தக் காலத்துக்கு இதெல்லாம் பெரிய விஷயம், ஆனால் முழங்கையும் மடங்காது முழங்காலும் மடங்காது என்றால் குழந்தை எதை வைத்து விளையாடும்? பொம்மை எதிர்பார்த்தபடி விற்கவில்லை, சீக்கிரமே கடைகளிலிருந்து காணாமல் போனது. அதை விளம்பரப்படுத்தத் தொடங்கிய காமிக்ஸோ 1986 வரை 75 இதழ்கள் ஓடியது.

எப்படி என்பதற்குப் பதில் முதல் இதழிலேயே இருக்கிறது. எழுத்தாளர் பில் மாண்ட்லோ அந்தக் கருவிகளையே கதையின் அச்சாணி ஆக்கிவிட்டார். டையர் ரைத் என்ற உருமாறிகள் மனிதர்களாக வேஷம் போட்டு ஒரு சிற்றூரில் வாழ்கிறார்கள். அனலைசர் கருவியின் ஒளி பட்டால்தான் ரோமுக்கு அவர்களின் உண்மை உருவம் தெரியும். நியூட்ரலைசரால் சுட்டால் அவர்கள் லிம்போ என்ற வெளிக்குப் போய்விடுவார்கள், தரையில் கொஞ்சம் சாம்பல்தான் மிஞ்சும். பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்க்காரர்களுக்கு என்ன தெரியும்? எங்கிருந்தோ வந்த ஒரு உலோக ராட்சசன் பக்கத்து வீட்டுக்காரரைச் சாம்பலாக்கிவிட்டான், அவ்வளவுதான். நல்லது செய்கிறவனைப் பார்த்து ஊரே அலறி ஓடுகிறது, அவனை முதலில் நம்புகிறவள் பிராண்டி கிளார்க் ஒருத்திதான். அவளோடு அவன் பேசும் இடங்களில் ஒவ்வொரு தடவையும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஓவியர் சால் புஸ்கெமாவுக்கு என் தனி வணக்கம். ரோமின் முகத்தில் வாய் இல்லை, புருவம் இல்லை, இரண்டு சிவப்புக் கண்கள் மட்டும்தான். அந்த முகத்தை மாற்ற முடியாது என்பதால் சோகம் முழுவதையும் தோளில் இறக்கிவிடுகிறார். தலை கொஞ்சம் குனிந்து, கைகள் தொங்கி, பெரிய படக் கட்டம் ஒன்றில் அவன் தனியாக நிற்கும்போது, தன் கிரகத்தைக் காப்பாற்ற மனித உடம்பையே விட்டுக்கொடுத்தவன் இவன் என்பது வசனம் இல்லாமலே புரிந்துவிடுகிறது.

புத்தகத்தின் தயாரிப்பு நன்றாக இருக்கிறது. தையல் பைண்டிங், நடுவில் திறந்து மேசையில் வைத்தால் அப்படியே படிந்து கிடக்கும், ஆனால் படுத்துக்கொண்டு படிக்கலாம் என்று நினைக்காதீர்கள், மணிக்கட்டு தாங்காது. வழவழப்பான தாளில் நிறங்கள் பளிச்சென்று விழுகின்றன, பழைய மட்டக் காகிதத்தில் இருந்த மங்கல் எனக்கு இன்னும் பிடிக்கும். உரிமச் சிக்கலால் பல ஆண்டுகள் இந்தக் கதைகளை மார்வெல் மறுபதிப்பே செய்ய முடியாமல் இருந்தது, உதிரி இதழ்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இந்தக் கனம் ஒரு பொருட்டே இல்லை.

பொம்மையும் என்னிடம் இருக்கிறது. பழைய பொருள் விற்கும் ஒருவரிடம் வாங்கினேன், நன்றாக வேலை செய்யும் என்று சொல்லித்தான் அனுப்பினார். திறந்து பார்த்தால் பேட்டரி கசிந்து, முனைகளில் உப்புப் பூத்த மாதிரி வெள்ளைப் பொடி. இதைச் சொல்லாமல் விற்றது பெரிய தப்பு, எனக்கு நிஜமாகவே கோபம் வந்தது. காது குடையும் பஞ்சுக் குச்சியை வெள்ளை வினிகரில் நனைத்து மெதுவாகத் தேய்த்து, துடைத்து, ஒரு நாள் காயவிட்டு, புது 9 வோல்ட் பேட்டரி போட்டேன். இரண்டு கண்ணும் எரிந்தன. பச்சை விளக்கு வைக்கத்தான் முதலில் யோசித்தார்களாம், சிவப்பு மலிவு என்பதால் மாற்றிவிட்டார்கள். அந்தச் சிக்கனத்தால்தான் காமிக்ஸிலும் இந்தக் கண்கள் சிவப்பு, எனக்கு இப்போது வேறு நிறத்தில் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

பொம்மை வாங்குகிறவர்கள் பேட்டரி இடத்தின் படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். புத்தகத்தை யோசிக்காமல் வாங்கலாம். ஒன்று மட்டும், இதில் 29-வது இதழ் வரைதான் இருக்கிறது. 59-இல் தொடங்கி ஸ்டீவ் டிட்கோ வரைந்த கடைசிப் பகுதிக்கு அடுத்தடுத்த தொகுதிகளுக்குத்தான் போக வேண்டும், நான் அலமாரியில் இப்போதே இடம் ஒதுக்கிவிட்டேன், ரோமுக்குப் பக்கத்திலேயே.