ஸ்பானிய வினைகளை அசை பிரித்து அழுத்தம் காண்பது: நீண்டகாலப் பயன்பாட்டில்

முதலில் அசை பிரி, பிறகு அழுத்தம் தேடு. ஸ்பானிய வினைவடிவங்களுக்கு நெடுநாள் புழக்கத்திலும் கைவிடாத வழி இதுதான். வரிசையை மாற்றினால் எல்லாம் குழம்பும்.

அழுத்த விதி சின்னது. சொல் உயிரிலோ ன், ஸ் எழுத்திலோ முடிந்தால் கடைசிக்கு முந்தைய அசையில் அழுத்தம். வேறு மெய்யில் முடிந்தால் கடைசி அசையில். அழுத்தக்குறி (உயிரெழுத்தின் மேல் இடும் சிறு சாய்கோடு) இருந்தால் அது நிற்கும் அசையிலேயே அழுத்தம். 'அப்லொ' என்பதை முதல் அசையில் அழுத்தினால் 'பேசுகிறேன்', கடைசியில் அழுத்தினால் 'அவர் பேசினார்'. காலமும், தன்மை படர்க்கை என்னும் இடமும் சேர்ந்தே மாறிவிடும். அதனால் குறியை அலங்காரமாக நினைக்கவே கூடாது.

தமிழ் பேசுவோர் இடறுவது பிரிப்பதில்தான். நம் காது 'அப்லொ'வை அப்-லொ என்று உடைக்கும். ஸ்பானியத்தில் ப்ல, ப்ர, த்ர, க்ல போன்ற இணைகள் பிரியாது. அ-ப்லொ என்பதே சரி. அழுத்தத்தை நெடிலாக இழுப்பதும் நம் பழக்கம். அங்கே குறில், நெடில் வைத்துப் பொருள் மாறுவதில்லை, ஓங்கிச் சொன்னால் போதும்.

அடுத்தது உயிர்கள். அ, எ, ஒ வலியவை. இ, உ மெலியவை. வலியவை இரண்டு சேர்ந்தால் பிரியும்: லெ-எர், வாசிக்க. வலியதும் மெலியதும் ஒட்டிக்கொள்ளும்: கம்-பிய, 'மாற்றுகிறார்', இரண்டே அசை. மெலியதன் மேல் குறி விழுந்தால் மறுபடி பிரியும்: கொன்-ஃபி-அ, 'நம்புகிறார்', மூன்று அசை. இரண்டு வினைகளும் அகராதியில் ஒரே ஈற்றோடுதான் இருக்கும். எது ஒட்டும், எது பிரியும் என்று ஈறு சொல்லாது. தன்மை ஒருமை நிகழ்கால வடிவத்தோடு சேர்த்தே மனப்பாடம் செய்வது நல்லது.

அ-ப்ல-ப, 'பேசிக்கொண்டிருந்தார்': குறி இல்லை. 'நாங்கள்' வடிவமான அ-ப்ல-ப-மொஸ் என்பதில் அழுத்தம் அதே 'ப்ல'வில்தான், ஆனால் அது கடைசியிலிருந்து மூன்றாவதாகிவிடுவதால் குறி வரும். எப்போதும் பின்னாலிருந்தே எண்ணுங்கள்.

பழைய புத்தகங்களோடு ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. 'வழிகாட்டினேன்' என்னும் கியெ போன்ற வடிவங்களைப் பலர் இரண்டு அசையாக உச்சரித்தாலும், 2010-இல் வந்த ஸ்பானிய அரச அகாதமியின் எழுத்து விதிகள் அவற்றை ஓரசையாகக் கொண்டு குறியை நீக்கிவிட்டன.

ஏவலோடு 'என்னிடம்' என்னும் சொல் ஒட்டும்போது ஸ்பெயினில் அ-ப்ல-மெ, 'என்னிடம் பேசு': முதல் அசையில் அழுத்தம், எனவே குறி உண்டு. அர்ஜென்டினாவில் அழுத்தம் நடு அசையில்; குறி வேண்டியதில்லை. அங்கிருந்து வரும் எழுத்தில் குறி காணாவிட்டால் பிழையென்று திருத்தாமல், நடுவில் அழுத்திப் படிக்க வேண்டும்.