சிவாஜிநகர் மாதா கோயில்: டென்ஷன் பார்ட்டிகளுக்கு என் சிபாரிசு

பெங்களூரில் டெட்லைன், டிராஃபிக், மேனேஜர் என்று தலை சூடாகித் திரியும் நம்ம ஆட்களுக்குச் சொல்கிறேன், காசு கட்டி தியான ஆப் வாங்கும் முன் ஒரு தடவை சிவாஜிநகர் புனித மரியன்னை பசிலிக்காவில் போய் உட்கார்ந்து பாருங்கள். ரஸ்ஸல் மார்க்கெட் இரைச்சல் பக்கத்திலேயேதான், ஆனாலும் அந்த கோதிக் வளைவுகளுக்குக் கீழே வந்ததும் இறுகிய தோள் தானாக இறங்கும். 1882-ல் அர்ச்சிக்கப்பட்ட கோயில், 1974-ல் 'பசிலிக்கா' என்ற சிறப்புத் தகுதி பெற்றது.

எனக்குப் பிடித்தது தமிழ்த் திருப்பலி. ஊரில் அம்மா பக்கத்தில் நின்று சொன்ன அதே ஜெபங்கள். சுமை சுமந்து சோர்ந்தவர்களை இயேசு தம்மிடம் கூப்பிடும் மத்தேயு 11:28-ஐ மனதில் வைத்து, சேலை கட்டிய மாதா முன்னால் ஜெபமாலை சொன்னால் நாளைய மீட்டிங் ஒன்றும் ரத்தாகாது, ஆனால் அதை நான் மட்டும்தான் தூக்க வேண்டும் என்ற பயம் குறைகிறது. தூக்கமே இல்லை என்றால் டாக்டரையும் பாருங்கள், மாதா கோபித்துக்கொள்ள மாட்டார்!

அமைதி தேடுபவர்கள் மாதா திருவிழா நாட்களை, அதாவது ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 தேர்பவனி வரை, தவிர்க்கலாம், காவி உடுத்திய பக்தர் கூட்டம் அலைமோதும். அப்புறம், கார் வேண்டாம். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம்.