சர்க்கரை சேர்க்காத உறைபழ இனிப்பு: எந்தப் பழத்துக்கு எந்த முறை?

உறையவைத்த பழ இனிப்பில் சர்க்கரையை விலக்கினால் இனிப்பு குறையும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு: மென்மையும் போய்விடுகிறது. நீரில் கரைந்திருக்கும் சர்க்கரை அந்த நீர் உறையும் வெப்பநிலையைக் கீழே இறக்குகிறது. அதனால் ஃப்ரீசரின் மைனஸ் 18 டிகிரி செல்சியஸிலும் பனிப்படிகங்களுக்கு இடையில் கொஞ்சம் பாகு உறையாமல் எஞ்சி நிற்கிறது. கரண்டி உள்ளே இறங்குவது அந்தப் பாகின் தயவால்தான். சோர்பே (பால் சேர்க்காமல் பழத்தையும் சர்க்கரையையும் கொண்டு செய்யும் உறைபழ இனிப்பு) செய்முறைகளில் மொத்தச் சர்க்கரை 25 முதல் 30 சதவீதம் வரை வைக்கப்படுவதற்கு இதுவே முக்கியக் காரணம். ஸ்ட்ராபெர்ரியில் இயல்பாக இருக்கும் சர்க்கரையோ ஏறத்தாழ 5 சதவீதம், நீர் 91 சதவீதம். அதை அப்படியே அரைத்து ஒரு டப்பாவில் ஊற்றி உறையவைத்தால் கிடைப்பது சிவப்பு நிறப் பனிக்கட்டியே.

ஆகவே சர்க்கரை சேர்க்காத முறைகளை ஒப்பிடும்போது ஒவ்வொன்றிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். சர்க்கரை செய்துவந்த வேலையை இங்கே எது செய்கிறது, அதற்காகச் சுவையில் நாம் எதை விட்டுக்கொடுக்கிறோம்? பழத்தின் நார்ச்சத்து அந்த வேலையைச் செய்யலாம், தயிரின் கொழுப்பும் புரதமும் செய்யலாம், மிக்ஸியின் பிளேடு செய்யலாம், வெறும் முள்கரண்டியும் செய்யலாம்.

அதிகம் பேர் கையாள்வது வாழைப்பழ முறை. அந்த வரவேற்புக்கு அது தகுதியானதே. வாழைப்பழத்தில் நீர் 75 சதவீதம்தான். மற்ற பல பழங்களைவிடக் குறைவு. அதோடு பெக்டினும் பிற நார்ப்பொருள்களும் இருப்பதால், உறைந்த துண்டுகளை அரைக்கும்போது கொழுப்பே இல்லாமல் கொழுப்பு சேர்த்தது போன்ற வழவழப்பு வந்துவிடுகிறது. ஆனால் பழத்தின் பக்குவத்தில் விட்டுக்கொடுக்கக் கூடாது. காயாக இருக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ 20 சதவீதம் மாவுச்சத்து. நன்கு கனியும்போது அதில் பெரும்பகுதி சர்க்கரையாக மாறி, ஓரிரு சதவீத மாவுச்சத்தே மிஞ்சுகிறது. எனவே தோலில் பழுப்புப் புள்ளிகள் பரவிய பழத்தை எடுங்கள். பழம் உறைந்த பிறகு இனிப்பு இன்னும் மங்கும், ஏனெனில் குளிரில் நாக்கு இனிப்பைக் குறைவாகவே உணரும். அறை வெப்பத்தில் ருசிபார்க்கும்போது சற்றுத் திகட்டும் அளவுக்கு இனிக்கும் பழம்தான் உறைந்த பின் சரியாக இருக்கும். இது எல்லா முறைகளுக்கும் எல்லாப் பழங்களுக்கும் பொருந்தும்.

தோலுரித்த பழத்தை வட்ட வில்லைகளாக நறுக்கி, ஒன்றோடொன்று ஒட்டாமல் ஒரு தட்டில் பரப்பி, இரவு முழுவதும் உறையவைக்க வேண்டும். அரைப்பதற்கு முன் ஐந்து நிமிடம் வெளியே வைத்தால் மிக்ஸி திணறாது. அரைக்கத் தொடங்கியதும் வில்லைகள் முதலில் உதிரி உதிரியான பொடியாகும். ஜாரின் பக்கங்களை வழித்துவிட்டு விட்டுவிட்டு ஓட்டினால் சிறு உருண்டைகளாகத் திரளும். இது சரிவராது என்று தோன்றும் அந்தக் கட்டத்தைத் தாண்டிய சில நொடிகளில் முழுவதும் திடீரென ஒன்றுகூடி வழுவழுப்பான களிம்பாகிவிடும். பொடியாக இருக்கும் கட்டத்தில் பொறுமை இழந்து பால் ஊற்றுபவர்கள் பலர். ஊற்றினால் மில்க்‌ஷேக்தான் கிடைக்கும். பிளேடு சுற்றவே மறுத்தால் ஒரு தேக்கரண்டி பால் போதும், அதற்கு மேல் வேண்டாம்.

இந்த முறையின் குறை, எதைச் சேர்த்தாலும் வாழைப்பழமாகவே ருசிப்பது. ஸ்ட்ராபெர்ரியையோ ஆரஞ்சுச் சுளையையோ கலந்தால் நிறம் மாறுகிறது, வாசம் மாறுவதில்லை. இனிப்பில்லாத கோகோ பொடி ஒன்றுதான் அதை உண்மையில் அடக்குகிறது. எனவே வாழைப்பழத்தின் சுவையை விரும்பாதவருக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். நறுக்கிய பழம் காற்றுப்பட்டுக் கருப்பதும் உண்டு. சில துளி எலுமிச்சைச் சாறு அதைத் தாமதப்படுத்தும்.

இதே அரைக்கும் முறையில் மாம்பழத்தை வைத்துப் பார்த்தால் போட்டி சுவாரசியமாகிறது. அதில் நீர் 83 சதவீதம் என்பதால் வழவழப்பில் வாழைப்பழத்துக்கு ஒரு படி கீழேதான் நிற்கும். ஆனால் சர்க்கரை 14 சதவீதம் அளவில் இருக்கிறது, சதைப்பற்றும் உண்டு, எல்லாவற்றுக்கும் மேலாக அதன் வாசம் குளிரில் மங்கினாலும் மறைவதில்லை. நார் அதிகம் இல்லாத, நன்கு கனிந்த மாம்பழம் கையில் இருக்கும்போது வாழைப்பழத்தைத் தேடிப்போவதில் பொருளில்லை என்பதே என் கருத்து. இரண்டும் இருந்தால், மூன்று பங்கு மாம்பழத்துக்கு ஒரு பங்கு வாழைப்பழம் என்று கலக்கலாம்; மென்மை கூடும், வாசமும் கெடாது.

தயிர் சேர்க்கும் முறையில் மென்மைக்கான பொறுப்பு பாலின் கொழுப்புக்கும் புரதத்துக்கும் போகிறது. இங்கே பெரும்பாலான தோல்விகளுக்குக் காரணம் தயிரில் உள்ள நீர். சாதாரணத் தயிரை அப்படியே சேர்த்தால் அந்த நீரும் சேர்ந்து உறைந்து நறநறக்கும். மெல்லிய துணியில் கட்டி, குளிர்சாதனப் பெட்டிக்குள் சில மணி நேரம் தொங்கவிட்டு, நீர் வடிந்து கெட்டியான பிறகு, இரண்டு பங்கு உறைந்த பழத்துக்கு ஒரு பங்கு தயிர் என்ற அளவில் அரைத்து உடனே பரிமாறுவதே நல்லது. புளிப்பு இனிப்பை அமுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சர்க்கரை போட்ட செய்முறைகளில் ஸ்ட்ராபெர்ரியும் தயிரும் அருமையான ஜோடி. சர்க்கரையை எடுத்துவிட்டால் இரண்டு புளிப்புகள் எதிரெதிரே நிற்கும். மாம்பழமும் வாழைப்பழமும் மட்டுமே தயிரின் புளிப்பைத் தாங்குகின்றன. அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள புரோமெலைன் என்ற நொதி பால்புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். உறையவைத்தாலும் அந்த நொதி அழியாது. துண்டுகளைச் சில நிமிடம் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகே சேர்க்க வேண்டும்.

தர்பூசணி இந்த முறைகள் எதற்கும் ஒத்துவராது. 91 சதவீதத்துக்கு மேல் நீரும் 6 சதவீதம் சர்க்கரையும் உள்ள ஒரு பழத்தை ஐஸ்கிரீம் போல ஆக்க முயல்வது வீண். அதற்கு ஏற்றது இத்தாலியர்களின் கிரானிட்டா முறை. பனிப்படிகத்தை எதிர்க்காமல், அதையே பண்டமாக ஏற்றுக்கொள்ளும் முறை இது. நான் மிகவும் மதிப்பதும் இதைத்தான். விதை நீக்கி அரைத்த விழுதை அகலமான உலோகத் தட்டில் இரண்டு சென்டிமீட்டர் உயரத்துக்கு மேல் போகாமல் ஊற்றி உறையவைத்தால், முக்கால் மணி நேர அளவில் விளிம்பு மட்டும் கெட்டியாகி நடுப்பகுதி நீராகவே இருக்கும். அந்த விளிம்பை முள்கரண்டியால் சுரண்டி நடுவே தள்ளி, அரை மணிக்கு ஒருமுறை இதையே தொடர்ந்தால், இரண்டு மூன்று மணி நேரத்தில் தட்டு முழுவதும் உதிரியான செந்நிறத் துகள்களாக நிறைந்திருக்கும். சர்க்கரை இல்லாததால் துகள்கள் சற்றுப் பெரிதாகவும் உலர்ந்தும் இருக்கும் என்பது உண்மை. ஆயினும் வாயில் வைத்ததும் கரைந்துவிடுவதால் அது குறையாகப் படுவதில்லை. ஒரு சிட்டிகை உப்பும் சில துளி எலுமிச்சையும் சேர்த்தால் பழத்தின் மெல்லிய இனிப்பு எடுப்பாகத் தெரியும். மின்கருவி கட்டாயமில்லை, பழத்தைக் கையால் மசித்தும் செய்யலாம். சுரண்ட மறந்து பாறையாக இறுகிப்போனாலும் பத்து நிமிடம் வெளியே வைத்து மீண்டும் சுரண்டினால் சரியாகிவிடும். மிக்ஸியின் உதவியின்றி மீட்கும் இந்தச் சலுகையை வேறு எந்த முறையும் தருவதில்லை.

குச்சி ஐஸ் குழந்தைகளுக்குப் பிடிக்கும் என்பதைத் தவிர அதற்கு ஆதரவாகச் சொல்ல அதிகமில்லை. வெறும் சாற்றை உறையவைத்தால், உறிஞ்ச உறிஞ்ச இனிப்பும் நிறமும் முதலில் வெளியேறி, குச்சியில் வெள்ளைப் பனிக்கட்டி மட்டும் நிற்கும். சாற்றுக்குப் பதில் கெட்டியான பழவிழுதை ஊற்றினால் இது பெருமளவு குறையும். முழுத் திராட்சையை உறையவைப்பது எல்லாவற்றிலும் எளியது: கழுவி, ஈரம் துடைத்து, ஃப்ரீசரில் வைத்தால் வேலை முடிந்தது. 15 சதவீதத்துக்கும் மேல் சர்க்கரை இருப்பதால் அது கல்லாக இறுகாமல் கடிக்கும் பதத்திலேயே இருக்கும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முழுதாகக் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைக்கும். நீளவாக்கில் நான்காக நறுக்கிய பிறகே கொடுக்க வேண்டும்.

இனி, எது உண்மையிலேயே ‘சர்க்கரை சேர்க்காதது’ என்ற கேள்வி. தேன் ஊற்றிவிட்டு அப்பெயரைச் சூட்டுவது சரியன்று. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல், கட்டுப்படுத்த வேண்டிய சர்க்கரைகளின் பட்டியலில் தேன், பாகு, பழச்சாறு, செறிவூட்டிய பழச்சாறு ஆகியவற்றையும் சேர்த்தே வைக்கிறது. முழுப் பழத்தினுள் இருக்கும் சர்க்கரையை அதில் சேர்ப்பதில்லை. பிரிட்டனின் வரையறை இன்னும் கண்டிப்பானது, அரைத்த பழவிழுதின் சர்க்கரையையும் கணக்கில் எடுக்கிறது. அந்தக் கண்கொண்டு பார்த்தால் முழுத் திராட்சை மட்டுமே ஐயமின்றித் தேறும். பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து உண்டு என்றாலும், மெட்ஜூல் வகையின் ஒரு பெரிய பழத்திலேயே சுமார் 16 கிராம் சர்க்கரை, அதாவது நான்கு தேக்கரண்டிக்கு நிகரான அளவு, இருக்கிறது. நான்கு பழங்களை அரைத்துச் சேர்த்துவிட்டு நிம்மதியாக இருப்பதற்கு இடமில்லை. நீரிழிவு உள்ளவர்கள் வாழைப்பழ முறையில் அளவைக் கவனிக்க வேண்டும்: நடுத்தரப் பழம் ஒன்றில் சர்க்கரை, மாவுச்சத்து, நார்ச்சத்து எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 27 கிராம் கார்போஹைட்ரேட் இருக்கும், அரைத்த பின் ஒரு கிண்ணத்தில் இரண்டு பழம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

சேமிப்பில் எல்லா அரைத்த வகைகளும் ஒரே மாதிரி ஏமாற்றும். மறுநாள் டப்பாவைத் திறந்தால் கரண்டி இறங்காது. மிஞ்சியதை டப்பாவில் அடைக்காமல் ஐஸ் டிரேயின் குழிகளில் நிரப்பி உறையவைத்தால், வேண்டும்போது கட்டிகளை எடுத்து ஐந்து நிமிடம் கழித்து மீண்டும் மிக்ஸியில் ஓட்டி, முதல் நாளின் பதத்துக்கே கொண்டுவந்துவிடலாம்.